துப்பாக்கி கட்டைக்கு ரப்பர் பேட்: ஒண்ணு குப்பைக்கு, ஒண்ணு ஃப்ரீசருக்கு

போன ஞாயித்துக்கிழமை துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்ச்ல பன்னெண்டு ரவுண்டு சுட்டுட்டு வந்து சட்டையை கழட்டி பாத்தா தோள்ல ஒரு செவப்பு கூட இல்ல. போன வருஷம் இதே துப்பாக்கில அஞ்சு ரவுண்டுக்கே கத்தரிக்கா கலர்ல கன்னிப்போச்சு. புருவத்துக்கு மேல மட்டும் பிறை மாதிரி ஒரு காயம் ஆறிட்டு இருக்கு, அது வேற கதை, கடைசில வர்றேன். மொத்தம் மூணு வீக்கெண்ட் ஆச்சு, ஒரு பேட் வீணா போச்சு, சூடு ஆறுறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் இருக்கறது பென்சில்வேனியா, பிட்ஸ்பர்க்ல இருந்து கொஞ்சம் தள்ளி. இந்த ஊர்ல தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை ரைஃபிள் மான் சீசன் தொடங்குதுன்னா அது நம்ம ஊர் கோயில் கொடை மாதிரி, பாதி ஆபீஸ் லீவு. முன்னாடி திங்கக்கிழமைதான் தொடங்கும், 2019ல இருந்து சனிக்கிழமைக்கு மாத்திட்டாங்க. பக்கத்து வீட்டு பெரியவர் ரிடையர் ஆனவர், நாலு வருஷமா கூப்டுட்டே இருந்தார், கிரீன் கார்டு கைக்கு வந்தப்புறம்தான் நான் சரின்னேன். விசால இருக்கும்போது துப்பாக்கி சமாச்சாரத்துல சட்டம் வேற மாதிரி, அதுல போய் மாட்டிக்க வேணாம்னு இருந்துட்டேன்.

துப்பாக்கி பழைய ரெமிங்டன் 760, தர்ட்டி ஆட் சிக்ஸ்ங்கற வகை குண்டு, பம்ப் ஆக்‌ஷன். பெரிய மிருக வேட்டைக்கு, சுட்டதும் அடுத்த குண்டு தானா ஏறற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் இங்க அனுமதி கிடையாது, அதனால சட்டுனு அடுத்த ரவுண்டு போடணும்னா, முன்பிடியை கையால இழுத்து தள்ளி குண்டு ஏத்தற பம்ப்தான்னு இந்த ஸ்டேட்காரங்களுக்கு இது மேல ஒரு தனி பாசம். 1952ல இருந்து 1981 வரைக்கும் போட்டாங்க, தேடுனா யாராவது ஒருத்தர் வீட்டு பேஸ்மெண்ட்ல கண்டிப்பா ஒண்ணு இருக்கும். என்னோடது வால்நட் கட்டை, பின்னாடி தோள்ல படற எடத்துல ரெமிங்டன்னு எழுதுன கருப்பு பிளாஸ்டிக் தகடு. ரப்பரும் இல்ல ஒண்ணும் இல்ல. உதைச்சா கதவு நிலையில முட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். வலியாவது பரவால்ல, அடுத்த ரவுண்டுக்கு ட்ரிகரை இழுக்கறதுக்கு முன்னாடியே உடம்பு பயந்து சுருங்குது பாருங்க, அங்கதான் குறி தப்புது. போன சீசன்ல அப்படித்தான் ஒரு மானை தப்ப விட்டேன்.

உதையை வாங்கிக்கற மாதிரி கட்டை பின்னாடி ரப்பர் பேட் ஒண்ணு மாட்டித் தர முடியுமான்னு துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித்கிட்ட கேட்டேன், பேடோட சேத்து 120 டாலர், ஆனா ஆறு வாரம் ஆகும்னார், சீசனுக்கு அஞ்சு வாரம்தான் இருந்துச்சு. நாமளே பண்ணிடலாம்னு எறங்கிட்டேன். மாமனார் காரைக்குடி பக்கம் நாப்பது வருஷம் தச்சு வேலை பாத்தவர், வாட்ஸப் வீடியோல ஆள் ரெடியா இருக்கார்ங்கற தைரியம் வேற.

முதல் வேலை, மேகசினை கழட்டி, ஆக்‌ஷனை பின்னாடி இழுத்து, குண்டு உக்கார்ற சேம்பர்ல விரலை விட்டு பாத்தேன். ரெண்டு தடவ. குண்டு எல்லாத்தையும் மேல் மாடி அலமாரில பூட்டிட்டுதான் கராஜுக்கே போனேன். அப்புறம் பின் தகடோட ரெண்டு ஸ்க்ரூவை எடுத்தா உள்ள ஒரு ஆழமான ஓட்டை தெரியும், அதுக்குள்ள நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவர் விட்டு திருகினா பின்கட்டை தனியா வந்துரும். எங்கிட்ட இருந்த எட்டு இன்ச் டிரைவர் எட்டல, பெரியவர் ஒரு அடிக்கு மேல நீளமா ஒண்ணு கொண்டு வந்து குடுத்தார். இரும்பு பாகத்தை பூட்டி வச்சிட்டு வெறும் மரத்தோட வேலை பாத்ததுல ஒரு நிம்மதி, துப்பாக்கி வேலைங்கற படபடப்பே போயி ஏதோ நாற்காலி கால் வெட்டற மாதிரி ஆயிடுச்சு.

அளவுலதான் முதல்ல கோட்டை விட்டேன். ட்ரிகர்ல இருந்து கட்டை கடைசி வரைக்கும் உள்ள தூரத்தை லென்த் ஆஃப் புல்னு சொல்றாங்க, என்னோடதுல 13½ இன்ச். நான் அஞ்சரை அடி, அதுக்கு மேல குளிருக்கு தடி ஜாக்கெட், ஆரஞ்சு வெஸ்ட் எல்லாம் போட்டா தோள்ல தூக்கி வைக்கும்போது கட்டை அக்குள்ல மாட்டுது. பெரியவரோட இன்னொரு ரைஃபிள் 13 சொச்சம், அதே ஜாக்கெட்டோட தூக்கி பாத்தேன், கச்சிதமா வந்து உக்காந்துச்சு. அப்ப 13⅛ போதும்னு முடிவு. பேட் ஒரு இன்ச் தடிமன், கேலிப்பர் வச்சும் பாத்துட்டேன், அதனால மரம் 12⅛ல நிக்கணும். 13½ல 12⅛ போனா 1⅜. பென்சில்ல கோடு போட்டு மாமாவுக்கு போட்டோ அனுப்பினேன்.

ரெண்டு நிமிஷத்துல கால் வந்துச்சு. "மாப்ள, தகடோட அளந்தீங்களா, மரத்துல அளந்தீங்களா?"

தகடோடதான். தகடு மட்டும் கால் இன்ச். மரம் மட்டும் 13¼தான் இருக்கு, அப்ப வெட்ட வேண்டியது 1⅛, நான் போட்ட கோட்டுல வெட்டியிருந்தா கால் இன்ச் கூடப் போயிருக்கும். வெட்டுன மரம் ஒட்டாதுல்ல. அவர் வாழ்க்கைல துப்பாக்கியை தொட்டதே இல்ல, ஆனா எத்தனை பேர் இப்படி நிலைக்கதவை குட்டையாக்குனதை பாத்திருப்பாரோ. கோட்டை அழிச்சிட்டு திரும்ப போட்டேன். இன்னொரு விஷயம், பழைய கட்டையோட பின்பக்கம் லேசா உள்வாங்கி வளைஞ்சிருக்கும், அதனால ஸ்கேலை மேல்முனையும் அடிமுனையும் தொடற மாதிரி வச்சு அந்த நேர்கோட்டுக்கு இணையாதான் புது கோடு போடணும். இந்த சாய்வு மாறினா சுடும்போது பேட் தோள்ல இருந்து மேலயோ கீழயோ வழுக்கும்னு பெரியவர் சொன்னார், அதனால பழைய சாய்வை அப்படியே வச்சுக்கிட்டேன்.

அறுக்கறதுக்கு பெரியவரோட பத்து இன்ச் மைட்டர் சா. அதுல இருந்த பிளேடு வேலி பலகை அறுக்கறது, பல்லு பெருசு, அதுல வச்சா வால்நட் பேத்துக்கும், 80 பல்லு பிளேடு ஒண்ணு 32 டாலருக்கு வாங்கி மாட்டினேன். மாமா சொன்ன மாதிரி கோட்டை சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி, புது பிளேடு போட்ட கத்தியால கோடு மேலயே மூணு தடவ கீறினேன். "கீறிட்டு அறுங்க மாப்ள, இல்லன்னா வெளிய வர்ற பக்கம் சிலாம்பு எடுத்துரும்." கட்டை எந்த பக்கமும் நேரா இருக்காது, முன்னாடி மெலிசு பின்னாடி தடிமன், சும்மா மேசைல படுக்க வச்சா அறுப்பு கோணலாதான் வரும். பழைய சீட்டுக்கட்டை எடுத்து ஒவ்வொரு சீட்டா மெலிஞ்ச பக்கம் சொருகி, நேரா இருக்கான்னு மூலைமட்டம் வச்சு பாத்து பாத்து, பதினாலு சீட்டுல நேரா வந்துச்சு. இதுக்கு மட்டும் முக்கால் மணி நேரம். அறுத்தது பத்து செகண்ட். கராஜ் பூரா ஒரு வாசனை வந்துச்சு, லேசா கசப்பு கலந்த ஒரு இனிப்பு, தேக்கு வாசனைக்கு பக்கத்துல கூட வராது ஆனா நல்லா இருந்துச்சு. சிலாம்பு ஒரே ஒரு எடத்துல, எறும்பு சைஸுக்கு, அது பேட் ஓரத்துல மறைஞ்சிருச்சு.

பழைய ஸ்க்ரூ ஓட்டை ரெண்டும் புது பேடோட ஓட்டைக்கு பொருந்தல, அதை வால்நட் முளை அடிச்சு தச்சர் பசை போட்டு அடைச்சேன். ஒரு ராத்திரி காய விட்டு, புது எடத்துல ⅛ இன்ச் ட்ரில் போட்டு, ஸ்க்ரூ மரைல மெழுகுவத்தியை தேச்சு ஒரு தடவ இறுக்கி கழட்டி பாத்தேன், பிடிமானம் நல்லாவே இருந்துச்சு. அறுத்த முகத்துக்கு பாலியூரித்தேன் வார்னிஷ் ரெண்டு கோட்டிங். இதை விட்றாதீங்க, மரத்தோட வெட்டு முகம் ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்தை உறிஞ்சும், இங்க சீசன்ல பாதி நாள் மழை இல்லன்னா பனி.

இனிமேதான் அசல் வேலை. நான் வாங்கினது பாக்மேயர் டிசெலரேட்டர், தேச்சு பொருத்தற வகை, அதாவது கட்டையை விட பெருசா வரும், நாமதான் அளவுக்கு தேச்சு எடுக்கணும். ஸ்க்ரூ போற எடத்துல முகப்புல ஓட்டை தெரியாது, ரப்பர்ல சின்னதா கீறி வச்சு அதுக்குள்ள டிரைவரை விட்டு இறுக்கணும், பாத்திரம் கழுவற சோப்பை தடவிக்கிட்டா ரப்பர் கிழியாம வழுக்கிட்டு போகும். டிரைவர் தண்டு உருண்டையா வழவழன்னு இருக்கணும், பட்டை போட்ட தண்டா இருந்தா திருகும்போது வாயை பிச்சிரும். பேடை மாட்டிட்டு, கட்டை ஓரத்தை ஒட்டியே ஊசியால பேடோட கெட்டியான அடித்தட்டுல கீறி, கருப்புல கோடு தெரியாதுன்னு சாக்பீஸ் பொடி தேச்சுக்கிட்டேன். கழட்டிட்டு பாத்தா நம்ம கட்டையோட பின்பக்க வடிவம் வெள்ளைக் கோடா தெரியுது. அதுவரைக்கும் தேச்சா முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

முதல் பேடை கையில புடிச்சு, சாண்டர்ங்கற தேய்ப்பு மெஷினோட மேசைல படுக்க வச்சு, 80 கிரிட் உப்புத்தாள் டிஸ்க்ல நேரா அழுத்தினேன். ரெண்டு தப்பு ஒரே நேரத்துல. ஒண்ணு சூடு. அஞ்சு நிமிஷத்துல ரப்பர் பிசுபிசுன்னு ஆயி டிஸ்க்ல கருப்பா அப்பிக்கிச்சு, டயர் எரியற நாத்தம், டிஸ்க் அப்பிக்கிட்டா வெட்டாது, வெட்டலைன்னு இன்னும் அழுத்தினேன், இன்னும் சூடு. அடித்தட்டு கெட்டி, மேல ரப்பர் மெதுமெது, அழுத்தும்போது ரப்பர் உள்ள ஒதுங்கிக்குது, தட்டு மட்டும் தேயுது, கையை எடுத்தா ரப்பர் வெளிய துருத்திட்டு அலை அலையா நிக்குது. அதை சரி பண்றேன்னு தேச்சு வலது பக்கம் வெள்ளைக் கோட்டையே தாண்டிட்டேன், ஒரு மில்லிமீட்டருக்கு மேல. விரலை ஓட்டினா படிக்கட்டு மாதிரி தெரியுது.

இந்த சூட்டைக் கூட சமாளிச்சிருக்கலாம், ரெண்டாவது தப்புதான் ஆளையே காலி பண்ணுச்சு. கட்டையோட அடிப்பக்க கோடு பின்னாடி போக போக கீழ எறங்கிட்டே போகும். பேடும் அதே கோட்டுல இன்னும் ஒரு இன்ச் எறங்கணும். நான் மேசைல நேரா, 90 டிகிரில தேச்சதால மரம் முடியற வரைக்கும் எறங்கிட்டு வந்த கோடு பேட் தொடங்கற எடத்துல டக்குனு நேரா திரும்பிருச்சு. மாட்டி தள்ளி வச்சு பாத்தா தாடை இல்லாத மூஞ்சி மாதிரி இருக்கு. மனைவி கராஜுக்கு துணி எடுக்க வந்தவ நின்னு பாத்துட்டு, "ஏங்க, இது ஒடைஞ்சதா இல்ல இப்படித்தான் இருக்குமா?"ன்னு கேட்டா. அதுக்கு மேல அந்த பேடை பாக்க மனசு வரல. 38 டாலர். இப்ப அது புது டிஸ்க் போட்டா தேச்சு பாக்கற பரிசோதனை துண்டு.

ரெண்டாவது பேடுக்கு முன்னாடி ஒரு வாரம் எதையும் தொடல. பேடை கோணம் மாறாம புடிச்சு வச்சுக்க இதுக்குன்னே ஜிக்னு ஒரு சாதனம் விக்கிறாங்க, நான் முக்கால் இன்ச் ப்ளைவுட் ரெண்டு துண்டு, ஒரு கீல், ஒரு போல்ட், ஒரு விங் நட் வச்சு நானே அடிச்சேன், 9 டாலர். ஒரு பலகை மேசைல உக்காரும், இன்னொண்ணுல பேடை அதோட ஸ்க்ரூ ஓட்டையிலயே இறுக்கிடலாம், கீல்ல எந்த கோணத்துக்கும் சாய்ச்சு நிறுத்தலாம். கோணத்துக்கு, அளவை அப்படியே புடிச்சு வச்சுக்கற பெவல் கேஜை கட்டையோட வெட்டு முகத்துலயும் அடிப்பக்க கோட்டுலயும் வச்சு புடிச்சு அப்படியே ஜிக்குக்கு மாத்தினேன், நேர்ல இருந்து 17 டிகிரி வந்துச்சு. அடிமுனைக்கு அந்த 17, பக்கவாட்டுக்கும் மேல்முனைக்கும் நேர். மேல்முனையோட ஓரத்தை மட்டும் கடைசில லேசா உருட்டி விட்டேன், தோளுக்கு தூக்கும்போது ஜாக்கெட்ல மாட்டக்கூடாதுன்னு.

சூட்டுக்கு பெரியவர்தான் வழி சொன்னார், ஃப்ரீசர்ல வை, கல்லு மாதிரி ஆயிடும், அப்புறம் தேய்ன்னார். ஜிப்லாக் கவர்ல போட்டு ராத்திரி பூரா துருவுன தேங்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் நடுவுல வச்சேன். காலைல சட்னிக்கு தேங்காய் எடுக்கப்போன எடத்துல கருப்பு ரப்பரை பாத்துட்டு வீட்ல ஒரு சின்ன கலவரம். ஆனா வித்தியாசம் ராத்திரி பகல். முதல் பேட்ல பிசினா அப்புன ரப்பர் இப்ப நைஸ் பொடியா கொட்டுது, பெருக்கி அள்ளினா எள்ளுப்பொடி மாதிரி இருக்கு. பத்து நிமிஷம் தேச்சா திரும்ப மெதுமெதுன்னு ஆக ஆரம்பிக்கும், உடனே நிறுத்தி திரும்ப ஃப்ரீசர், ஒரு மணி நேரம் கழிச்சு அடுத்த பத்து நிமிஷம். மொத்தம் நாலு ரவுண்டு. கிட்ட வந்ததும் 120 கிரிட்டுக்கு மாறி, வெள்ளைக் கோட்டுக்கு தலைமுடி அளவு வெளியவே நிறுத்திட்டேன். மாஸ்க் போட்டுதான் தேச்சேன், அப்படியும் சாயங்காலம் மூக்கை சிந்தினா கருப்பா வருது, சாதா துணி மாஸ்க்கெல்லாம் இதுக்கு ஆகாது, என்95தான்.

மிச்ச தலைமுடி அளவை கட்டைல மாட்டி வச்சு கையாலதான் எடுத்தேன். மரத்தை சுத்தி மூணு சுத்து டேப், 220 பேப்பரை ஒரு மரத்துண்டுல சுத்திக்கிட்டு, பேட் பக்கத்துல இருந்து மரத்தை நோக்கி ஒரே திசைல இழுப்பு. இடது பக்கம் டேப் தேஞ்சு போனதை கவனிக்காம ஒரு இழுப்பு கூட இழுத்துட்டேன், பாலிஷ்ல அரிசி அளவுக்கு ஒரு மங்கல் விழுந்துச்சு. எனக்கு மட்டும் தெரியும், இப்ப உங்களுக்கும்.

மாட்டி முடிச்சு ரேஞ்சுக்கு போனேன். ஸ்டேட்டோட வேட்டைத் துறையான கேம் கமிஷன் ரேஞ்ச், வேட்டை லைசென்ஸ் இருந்தா போதும். முதல் ரவுண்டு. தோள்ல உதை, தலகாணியை வச்சு தள்ளுன மாதிரிதான் இருந்துச்சு, ஆகான்னு நினைக்கறதுக்குள்ள புருவத்துல டங்குனு ஒண்ணு, கண்ணுல ரத்தம். துப்பாக்கி மேல இருக்கற குறி பாக்கற தூரக்கண்ணாடி, அதான் ஸ்கோப், அதோட விளிம்பு. யோசிச்சா ரொம்ப சிம்பிள், கட்டையை ⅜ இன்ச் குட்டையாக்கினா மூஞ்சி ⅜ இன்ச் ஸ்கோப் கிட்ட போகும், பேட் வேற அமுங்கி கொடுக்கும், இன்னும் கிட்ட. மூணு வாரமா பின்னாடி முனையையே பாத்துட்டு இருந்தவன் முன்னாடி இருக்கற ஸ்கோப்பை நினைக்கவே இல்ல. பெரியவர் பெஞ்ச்ல இருந்து எட்டி பாத்து சிரிச்சார், அவர் புருவத்துலயும் ஒண்ணு இருக்கு, பழசு. பேண்டெய்ட் ஒட்டிட்டு வீட்டுக்கு வந்தா மக பாத்துட்டு, "அப்பா, பொட்டு கோணலா வச்சிருக்க"ன்னா.

ரிங் ஸ்க்ரூவை தளர்த்தி ஸ்கோப்பை அரை இன்ச் முன்னாடி தள்ளினேன், இந்த தடவ தடி ஜாக்கெட்டை போட்டுட்டு, கண்ணை மூடிட்டு தூக்கி தோள்ல வச்சு, அப்புறம் கண்ணை தொறந்து, படம் முழுசா தெரியற எடத்துல நிறுத்தி இறுக்கினேன். போன ஞாயித்துக்கிழமை அந்த பன்னெண்டு ரவுண்டு திரும்ப ஜீரோ பண்றதுக்கு, அதாவது ஸ்கோப் காட்டற எடத்துலயே குண்டு விழற மாதிரி சரி பண்றதுக்கு போனதுதான், 100 கெஜத்துல கடைசி மூணும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள்ள விழுந்துச்சு. இந்த துப்பாக்கில எனக்கு இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல.

செலவு பாத்தா பேட் ரெண்டு 76, பிளேடு 32, டிஸ்க்கும் பேப்பரும் 14, பாலியூரித்தேன் 11, ஜிக் சாமான் 9, ஆக 142 டாலர். கன்ஸ்மித் கேட்டது 120. குண்டு காசை இதுல சேக்கல, சேத்தா மனைவிக்கு பதில் சொல்ல முடியாது. திரும்ப பண்ணா முதல்லயே ஜிக்கை அடிச்சிடுவேன், பேடை வாங்குன அன்னைக்கே ஃப்ரீசர்ல போட்ருவேன், 80 கிரிட்டுக்கு பதிலா அதை விட சொரசொரப்பான 60ல தொடங்கி பாப்பேன், பருக்கை பெருசா இருந்தா சூடு கம்மியா வரும்னு அந்த செத்துப்போன பேட்ல தேச்சு பாத்ததுல தெரிஞ்சுது. பேட் மாட்டுன கையோட ஸ்கோப்பை நகத்தாம ரேஞ்ச் பக்கமே போக மாட்டேன்.

வெட்டுன வால்நட் துண்டு மேசைல இருக்கு, பழைய தகட்டை அதோட சேத்தே திரும்ப ஸ்க்ரூ பண்ணி வச்சிருக்கேன், ஒரிஜினல் கட்டையை வெட்டிட்டியேன்னு பெரியவருக்கு உள்ளுக்குள்ள ஒரு வருத்தம் இருக்கு, அவர் வரும்போதெல்லாம் அதை எடுத்து தடவி பாத்துட்டு வச்சிட்டு போறார். மாமாவுக்கு முடிஞ்ச போட்டோ அனுப்பினேன், பெருசாக்கி பாத்துட்டு மேல்முனைகிட்ட இடது பக்கம் ஒரு நூல் தூக்கலா இருக்கேன்னார். இருக்கு, நகத்தை வச்சு இழுத்தா மாட்டும். பேப்பர் எடுத்து தேச்சுடவான்னு கேட்டேன்.

"வேணாம் மாப்ள. அதை எறக்குறேன்னு போனா அந்தப் பக்கம் ஏறும். அப்படியே விடுங்க."

விட்டுட்டேன்.